கனம் சி.பி. அவர்களின் கேஸ் கட்டு

சர் சி.பி. ராமசாமி ஐயரைப் போல வாதாட ஆளில்லை என்பார்கள். வாஸ்தவம்தான். ஜே. கிருஷ்ணமூர்த்தியின் தகப்பனார் பிள்ளையை மீட்க வழக்குப் போட்டபோது, அன்னி பெசன்ட்டுக்கு எதிராக ஆஜரானார். சில வருஷத்தில் அதே அம்மையாரின் ஹோம் ரூல் லீகில் செயலாளர். 1920இல் வெள்ளைக்கார சர்க்காருக்கே அட்வகேட் ஜெனரல். வக்கீலுக்கு இதெல்லாம் குற்றமா என்ன? கேஸ் மாறினால் வாதம் மாறும்.

1936இல் திருவிதாங்கூர் திவான் ஆனார். ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்தது, பள்ளிவாசல் மின்சாரம் வந்தது, யார் இல்லை என்றது? பொறுப்பாட்சி கேட்டவர்களுக்கு 1938இல் ஜெயிலும் வந்தது. மலையாள மனோரமாவுக்குப் பூட்டும் வந்தது. சென்னையில் சுயாட்சி கேட்ட அதே வாய்தான் இங்கே உத்தரவு போட்டது.

1946இல் 'அமெரிக்கன் மாடல்' என்றொரு சரக்கை இறக்கினார். வயது வந்த எல்லாருக்கும் ஓட்டு. அந்த ஓட்டால் திவானை மட்டும் அசைக்க முடியாது. எப்பேர்ப்பட்ட தாராளம்! அதை அரபிக்கடலில் போடு என்றார்கள் ஆலப்புழைப் பக்கத்துக் கயிற்றுத் தொழிலாளிகள். அவர்கள் கையில் இருந்தது வாரிக்குந்தம், பாக்கு மரத்தைக் கூராகச் சீவிய கம்பு. எதிரே பட்டாளம், துப்பாக்கி. அக்டோபரில் புன்னப்ராவிலும் வயலாரிலும் செத்தவர்கள் எத்தனை பேர் என்பதில் சர்க்கார் கணக்கும் ஊர்க்கணக்கும் இன்றுவரை ஒட்டவில்லை. கனம் திவானுக்குப் பிணம் எண்ண ஏது நேரம்? அவர் நாடு செய்துகொண்டிருந்தார்.

1947 ஜூனில் அறிவித்தும் விட்டார்: வெள்ளைக்காரன் போனதும் திருவிதாங்கூர் தனி நாடு. பாகிஸ்தானுக்குப் பிரதிநிதிகூட நியமித்தாயிற்று. ஜூலை 25ஆம் தேதி சங்கீத நிகழ்ச்சிக்குப் போன இடத்தில் அவர்மேல் வெட்டு விழுந்தது. அடுத்த சில நாளில் மகாராஜா இந்தியாவில் சேரச் சம்மதித்தார். திவான் மூட்டை கட்டினார்.

அப்புறம் விசாரணையா? துணைவேந்தர் பதவி! காசியிலும் அண்ணாமலையிலும். அதுவும் போதாதென்று தேசிய ஒருமைப்பாட்டுக் கமிட்டி ஒன்றுக்குத் தலைவராகவும் உட்காரவைத்தார்கள். பிரிவினை பேசுகிறவர்களை அடக்குவது எப்படி என்று அந்தக் கமிட்டி வழி சொன்னது. 1963இல் அரசியல் சட்டத்தின் 16ஆவது திருத்தம் வந்தது. தேர்தலில் நிற்பவர் இந்தியாவின் இறையாண்மையையும் ஒருமைப்பாட்டையும் காப்பதாக உறுதிமொழி எடுத்தே ஆகவேண்டும். மேடையில் திராவிட நாடு பேசிய அண்ணாவின் கட்சி அந்தக் கோரிக்கையைக் கைவிட்டது.

பேசினவர்களுக்கே இவ்வளவு கெடுபிடி. தனி நாடு அறிவித்துத் தூதரும் அனுப்பத் துணிந்தவரிடம், அந்த நாற்காலியில் உட்காருமுன் எவராவது ஒரு சத்தியம் வாங்கினார்களா?