வாள் இல்லாவிட்டால் டிரெஸ் குறைச்சல்

இரண்டாம் உலகப் போர். எதிரே டாங்கி, மெஷின் கன்; மேலே விமானம். நடுவே இடுப்பில் வாளும் தோளில் பேக்பைப்புமாக ஓர் ஆள். ஏதோ சரித்திரப் பட ஷூட்டிங்கில் வழிதவறிய துணை நடிகர் என்றுதானே நினைப்பீர்கள்? பாதி சரி. பிரிட்டிஷ் கமாண்டோ ஜாக் சர்ச்சில் நிஜமாகவே சினிமாவில் தலைகாட்டியவர்!

வாளில்லாமல் சண்டைக்குப் போகும் ஆபீசர் சரியாக உடுத்தாதவர் என்பது அவர் சித்தாந்தம். நம்மை ஐ.டி. கார்டு இல்லாவிட்டால் ஆபீஸ் வாசலிலேயே மடக்குவார்களே, அப்படி. ராணுவமும் சளைக்காமல் டி.எஸ்.ஓ. விருதை இரண்டு தடவை கொடுத்தது. கூட இருந்தவர்கள் கொடுத்த பட்டம் 'மேட் ஜாக்'.

1941 டிசம்பர், நார்வேயின் வாக்சோய் தீவு. படகு கரையை நெருங்க, மனிதர் முன்னால் நின்று பேக்பைப் ஊதுகிறார். ஊதி முடித்ததும் கையெறி குண்டை வீசிவிட்டுப் பாய்கிறார். ஸ்காட்லாந்து ரத்தமாயிற்றே என்கிறீர்களா? ஆள் இங்கிலீஷ்காரர்!

1943, இத்தாலியின் சாலெர்னோ. ராத்திரியில் ஒரே ஒரு கார்ப்பொரலைத் துணைக்கு வைத்துக்கொண்டு, வாளை நீட்டியே 42 ஜெர்மானியர்களைப் பிடித்து வந்தார். அந்தக் கார்ப்பொரலின் வயிறு என்ன கலங்கு கலங்கியிருக்கும்! புகழெல்லாம் வாளுக்குப் போயிற்று.

1940இல் பிரான்சில் ஒரு ஜெர்மானியனை அம்பெய்து வீழ்த்தினார் என்று இணையம் இன்றும் புல்லரிக்கிறது. ஓஸ்லோவில் நடந்த உலக வில்வித்தைப் போட்டியில் பிரிட்டனுக்காக ஆடியவர், எய்யக்கூடியவர்தான். ஆனால் வில்லெல்லாம் அதற்கு முன்பே லாரியில் நசுங்கிவிட்டது என்று அவரே பிற்பாடு சொன்னாராம். ஹீரோ மறுக்கிறார், ரசிகர்கள் விடுவதாயில்லை.

1944இல் யூகோஸ்லாவியாவில் பிடிபட்டார், அதுவும் பேக்பைப் ஊதிக்கொண்டே. சாக்சன்ஹவுசன் முகாமிலிருந்து தப்பினார், மாட்டினார், மறுபடி தப்பினார். அடுத்து பர்மா முனை. இந்தியா வந்து சேர்வதற்குள் அணுகுண்டு விழுந்து போரே முடிந்தது. உலகம் பெருமூச்சு விட, இவருக்கு மட்டும் அமெரிக்கர்கள்மேல் கோபம்: இன்னும் பத்து வருஷம் இழுத்திருக்கலாமே! அந்தப் பத்து வருஷத்தில் சாகப்போகிறவர்களிடம் அபிப்பிராயம் கேட்கவில்லை போலும்.

சமாதான காலத்தில் என்ன செய்தார்? ஆபீஸ் முடிந்து ரயிலில் போகும்போது திடீரென எழுந்து பிரீஃப்கேஸை ஜன்னல் வழியே வெளியே வீசுவார். சக பயணிகள் வெலவெலத்துப் போவார்கள். அது விழுந்த இடம் அவர் வீட்டுக் கொல்லை. ஸ்டேஷனிலிருந்து யார் சுமப்பது?