இல்லாதார் புகழ்: போலிப் பேஸ்பால் லீக்குகளின் புகழ்க்கூடம் குறித்து ஓர் ஆய்வு

பாயிரம்

முயற்கொம்பு, ஆகாயத்தாமரை, மலடி மகன் ஆகிய மூன்றையும் இல்பொருளுக்கு எடுத்துக்காட்டாகத் தருக்க நூலார் காலங்காலமாகக் காட்டி வருகின்றனர். இவற்றோடு நான்காவதாக ஒன்றைச் சேர்க்கவேண்டும் என்பது இவ்வாய்வின் பணிவான விண்ணப்பம்: கணினிக்குள் இருபது பருவம் ஆடி, ஐந்நூறு ஹோம் ரன் அடித்து, முழங்கால் தேய்ந்து ஓய்வு பெற்ற பேஸ்பால் வீரன். முயற்கொம்புக்கு யாரும் விழா எடுப்பதில்லை. இவனுக்கு எடுக்கிறார்கள். வாக்குச்சீட்டு உண்டு, வாக்குவாதம் உண்டு, ஏற்புரையும் உண்டு. ஏற்புரையை மட்டும் வேறொருவர் எழுதித் தரவேண்டியிருக்கிறது. அது அரசியலிலும் உள்ளதே என்று அமைக.

ஆய்வெல்லை: அமெரிக்க மண்ணில் தோன்றிப் பகடையாலும் கணினியாலும் வளர்ந்த கற்பனை லீக்குகள். பேஸ்பால் விதி தெரியாதவரும் தயங்காமல் படிக்கலாம். இக்கட்டுரையில் பந்து இரண்டே இடங்களில் வரும். இரண்டிலும் அதனால் ஆள் சாவான்.

முன்னோர் மொழி

இத்துறையின் மூத்தவர் ஜாக் கெருவாக். உலகம் அவரை நாவலாசிரியராக மட்டுமே அறிந்திருப்பது உலகத்தின் குறை. மாசசூசெட்ஸின் லோவல் நகரில் சிறுவனாக இருந்தபோதே தனக்கென்று ஒரு லீக்கைக் கற்பித்துக்கொண்டார். பிட்ஸ்பர்க் பிளிமத்ஸ் என்பது போலக் கார்ப் பெயர் சூட்டிய அணிகள். வளர்ந்து பெரியவரான பிறகும் அதை விடவில்லை. இல்லாத ஆட்டங்களுக்குப் புள்ளிவிவரம் எழுதினார், செய்தியறிக்கை எழுதினார். அந்தத் தாள்கள் இன்று நியூயார்க் பொது நூலகத்தில் உள்ளன. பிறக்காத வீரர்களுக்கு இதைவிடப் பெரிய மண்டபம் வேறு வாய்க்காது.

அடுத்தவர் ராபர்ட் கூவர். 1968இல் வந்த அவருடைய நாவலில் ஹென்றி வா என்ற கணக்கர் சமையலறை மேசையில் மூன்று பகடைகளை உருட்டி ஒரு லீக்கை நடத்துகிறார். அதில் டேமன் ரதர்ஃபோர்டு என்று ஓர் இளம் பிட்சர். ஹென்றிக்கு உயிருக்கு உயிரானவன். ஒரு நாள் மூன்று பகடையிலும் ஒன்று விழுகிறது. அட்டவணைப்படி பந்து அவன் தலையில் பட்டு அவன் இறக்கிறான். ஹென்றியின் வாழ்க்கையே தடம் புரள்கிறது. பகடையை இன்னொரு முறை உருட்டினால் தீர்ந்ததே என்பாரும் உளர். உருட்டலாம். ஆனால் சாவை அழித்தெழுதியவன் நாளை சாதனையையும் அழித்தெழுதுவான் என்று ஐயம் எழும். அந்த லீக்கின் புகழ்க்கூடத்தை அதன் பிறகு யார் மதிப்பார்?

1998இல் மார்க்குஸ் ஹைன்சோன் என்ற ஜெர்மானியரின் 'அவுட் ஆஃப் தி பார்க் பேஸ்பால்' வந்தது. அதன்பின் கணக்கருக்கும் பகடைக்கும் வேலை குறைந்தது. வீரர்கள் தாமே தோன்றுகிறார்கள், காயப்படுகிறார்கள், மூப்படைகிறார்கள், ஓய்வு பெற்றுச் சிலர் பயிற்சியாளர் ஆகிறார்கள். கடவுள் செய்யும் வேலை அத்தனையும் நிரல் செய்கிறது. எஞ்சியது, யாருக்கு மண்டபத்தில் இடம் என்ற கேள்வி.

தேர்வு

மெய்யான புகழ்க்கூடம் நியூயார்க் மாநிலத்தின் கூப்பர்ஸ்டவுன் என்னும் சிற்றூரில் இருக்கிறது. வீரர் ஓய்வு பெற்று ஐந்தாண்டு கழியவேண்டும். பேஸ்பால் எழுத்தாளர் சங்கத்தின் மூத்த உறுப்பினர்கள் வாக்களிப்பர். நூற்றுக்கு 75 வேண்டும். ஐந்து விழுக்காடு தேறாதவர் பெயர் சீட்டிலிருந்தே போய்விடும். 1936இல் முதல் அணியாக ஐவர் தேர்வானபோது பேப் ரூத்துக்கே 226இல் 215தான். உலகமறிந்த ரூத்துக்கு வாக்களிக்க மனம் வராத பதினொருவர் அன்று இருந்தனர் என்பதை நினைவில் கொள்க. ஒருவர் பாக்கியில்லாமல் எல்லாரும் வாக்களித்தது 2019இல் மரியானோ ரிவேராவுக்குத்தான்.

போலி லீக்குகள் பெரும்பாலும் இந்த விதிகளை அப்படியே எடுத்துக்கொண்டன. ஐந்தாண்டுக் காத்திருப்பு உட்பட! மெய்யுலகில் அந்த ஐந்தாண்டு எதற்கு? விடைபெற்ற நாளின் கண்ணீர் உலரட்டும், தலை தெளியட்டும் என்பதற்கு. கணினியில் ஐந்தாண்டு என்பது ஒரு விசையைத் தட்டிவிட்டு டீ போட்டுக்கொண்டு வரும் நேரம். ஆயினும் அந்த விதியைத் தளர்த்தலாம் என்று ஒருவர் சொன்னால் லீக்கில் அணி நடத்தும் மற்ற மேலாளர்கள் எல்லாரும் கொதித்தெழுவர்.

இங்கேதான் நம் ஆய்வின் நடுச்சிக்கல். மெய்வீரனுக்குப் புள்ளிவிவரத்துக்கு வெளியேயும் ஒரு வாழ்வு உண்டு. போலிவீரனுக்கு எண்ணே உடல், எண்ணே உயிர். அவனைப் பற்றி அறியவேண்டியதெல்லாம் திரையில் கிடக்கிறது. கன்சாஸ் மாநிலத்தில் பன்றியிறைச்சியும் அவரையும் அடைக்கும் ஆலையில் இரவுக் காவலராக இருந்துகொண்டே பேஸ்பால் கணக்கைப் புரட்டிப்போட்டவர் பில் ஜேம்ஸ். புகழ்க்கூடத்துக்கு ஒருவர் போவாரா என்று அளக்க அவர் ஒரு மதிப்பெண் முறை வகுத்தார்: நூறு எடுத்தால் வாய்ப்பு அதிகம், நூற்று முப்பது எடுத்தால் ஏறக்குறைய உறுதி. அத்தகைய அளவுகோல்களைக் கணினி தானே கணக்கிட்டுக் காட்டிவிடும். அப்படியானால் வாக்கெடுப்பு எதற்கு?

அந்த மேலாளர்களின் சண்டையைக் கவனித்தால் விடை கிடைக்கும். "அவன் அடித்த ஹோம் ரன் எல்லாம் அந்தச் சின்ன மைதானத்தில் அடித்ததுதானே?" என்பார் ஒருவர். அந்த மைதானமும் யாரோ தட்டச்சு செய்த ஓர் எண்தான். வேலியின் தூரம் அவர் வைத்தது. "2041 இறுதிப்போட்டியில் எங்களை அவன் என்ன பாடுபடுத்தினான் என்று எனக்குத் தெரியும்" என்பார் இன்னொருவர். இன்னும் பிறக்காத ஆண்டொன்றில், இல்லாத ஊரில், இல்லாதவன் தந்த தோல்வி. குரலில் இருக்கும் கசப்பு மட்டும் கலப்பில்லாதது. தேர்வாவது வீரன் அல்லன், அவனைத் திரையில் பார்த்துக்கொண்டு விழித்திருந்தவர்களின் இரவுகளே என்பது இவ்வாய்வின் துணிபு. எண்ணால் அளக்கமுடியாத அதைத்தான் அவர்கள் வாக்கால் அளக்கிறார்கள்.

குணம்

நேர்மை, குணம் ஆகியவற்றையும் கருதியே வாக்களிக்கவேண்டும் என்று கூப்பர்ஸ்டவுனின் விதி சொல்கிறது. அதனால் வந்த வழக்குகளுக்கு அளவில்லை. 762 ஹோம் ரன் அடித்த பாரி பாண்ட்ஸ் ஊக்கமருந்துச் சந்தேகத்தால் பத்தாண்டு வாக்குச்சீட்டில் நின்று, 2022இல் கடைசி வாய்ப்பும் போய் வெளியேறினார். குணத்தை எப்படி அளப்பது என்று எழுத்தாளர்கள் திணறினர்.

போலி லீக்கில் இந்தத் திணறலுக்கு இடமே இல்லை. ஹைன்சோனின் விளையாட்டில் பேராசை, விசுவாசம், தலைமைப் பண்பு, உழைப்பு ஒவ்வொன்றுக்கும் மதிப்பளவு உண்டு. எழுத்தாளர் சங்கம் எண்பது ஆண்டாகத் தேடியது இங்கே ஒரு கட்டத்துக்குள் அச்சாகிக் கிடக்கிறது. பயன்? "அதிகப் பணத்துக்கு ஆசைப்பட்டு என் அணியை விட்டுப் போனவன், என் வாக்கு இல்லை" என்கிறார்கள். பேராசையைப் பிறவியிலேயே அவனுக்குள் வைத்தது நிரல். ஊழ்வினையை நம்புகிறவர்கூட இவ்வளவு கொடுமையாகத் தண்டிக்கமாட்டார்.

தொப்பி

மண்டபப் பலகையில் வீரன் எந்த அணியின் தொப்பியோடு இருக்கவேண்டும் என்ற சிக்கல் இரு உலகுக்கும் பொது. தீர்வு இரண்டிலும் இல்லை.

எரிந்தோர்

இதுவரை கண்டவை அடக்கமான லீக்குகள். 2020 ஜூலையில், மெய்யான விளையாட்டுகள் பலவும் கொரோனாவால் முடங்கிக் கிடந்த காலத்தில், தி கேம் பேண்ட் என்ற குழு 'பிளேஸ்பால்' என்று ஒன்றைத் தொடங்கியது. வீரர்களின் பெயரும் நட்சத்திர மதிப்பும், காபியை எப்படிக் குடிப்பார்கள் என்ற குறிப்பும் தவிர ஏறக்குறைய எதுவும் இல்லை. முதல் பருவம் முடிந்ததும், தடைசெய்யப்பட்ட நூலைத் திறக்கலாமா என்று ரசிகர்களிடம் வாக்குக் கேட்டார்கள். திறவாதே என்றால் திறப்பதே மனித இயல்பு, திறந்தார்கள். சூரிய கிரகணம் வந்தது, அம்பயர்களின் கண் வெளுத்தது, சியாட்டில் கராஜஸ் அணியின் நட்சத்திர பிட்சர் ஜேலன் ஹாட்டாக்ஃபிங்கர்ஸ் எரிந்து சாம்பலானார். இப்படி எரிந்தவர்களுக்கென்று அமைந்ததுதான் அந்த லீக்கின் மண்டபம். பெயர் 'ஹால் ஆஃப் ஃப்ளேம்'. அங்கே நுழைய ஒரே தகுதி எரிந்துபோவது. 75 விழுக்காடு இல்லை, ஐந்தாண்டு இல்லை. ரசிகர்கள் அங்கே வேர்க்கடலையைக் காணிக்கையாகச் செலுத்தினார்கள்.

அத்தோடு நின்றிருந்தால் இப்பகுதிக்கு ஒரு பத்தி போதும். ஒரு பருவத்தின் முடிவில், ரசிகர்களின் அபிமானப் பட்டியலில் பதினான்காம் இடத்தில் இருக்கும் வீரரைக் கவர்ந்துகொள்ளலாம் என்று ஒரு வரம் குலுக்கலுக்கு வந்தது. அந்தப் பட்டியலில் செத்தவர் இருக்கக்கூடாது என்று யாரும் எழுதிவைக்கவில்லை. ரசிகர்கள் கூடிப் பேசினார்கள். ஜேலனை ஏற்ற வேண்டும். ஆனால் முதலிடத்துக்கு அல்ல, பதின்மூன்றும் அல்ல, பதினைந்தும் அல்ல, சரியாகப் பதினான்குக்கு. ஆயிரக்கணக்கானோர் ஒருவர் ஏற ஒருவர் இறங்கி அதைச் செய்து முடித்தார்கள். ஜேலன் மண்டபத்திலிருந்து எழுந்து மறுபடியும் கராஜஸுக்கு ஆடவந்தார். ஆனால் கடனோடு வந்தார்: அவர் எறிந்த பந்து எவர்மேல் பட்டதோ அவர் நிலைகுலைந்து எரியும் ஆபத்துக்கு ஆளானார், சிலர் எரியவும் செய்தார்கள். ஒருத்தியை மீட்கப் போய் மண்டபத்துக்குப் புதிய ஆட்களை அனுப்பினார்கள். கூப்பர்ஸ்டவுனின் தேர்வுக்குழுக்கள் செய்த பிழைகள் பல. இவ்வளவு நேரடியான பின்விளைவு அவற்றில் எதற்கும் கிடையாது.

பின்னர் மண்டபத்தில் மிகுதியாகக் காணிக்கை பெற்றவர்களே ஓர் அணியாகத் திரண்டு, லீக்கை ஆட்டிப்படைத்த வேர்க்கடலைத் தெய்வத்தின் அணியோடு ஆடி வென்று விடுதலை பெற்றனர். புகழ்க்கூடத்தின் உறுப்பினர் மறுபடி களமிறங்கிப் பயன்பட்டது பேஸ்பால் வரலாற்றில், மெய்யிலும் பொய்யிலும், இதுவே நான் அறிந்த ஒரே வழக்கு. பிளேஸ்பால் 2023 ஜூனில் மூடப்பட்டது.

மறுப்பும் விடையும்

"என்ன இருந்தாலும் கூப்பர்ஸ்டவுன் மெய், இவை பொய்" என்பாரை மறுக்கவேண்டியுள்ளது. புகழ்க்கூடம் அந்த ஊரில் இருப்பது ஏன்? 1839இல் ஆப்னர் டபுள்டே அங்கேதான் பேஸ்பாலைக் கண்டுபிடித்தார் என்று 1907இல் ஓர் ஆணையம் முடிவு கட்டியது. நூற்றாண்டு விழாவாக 1939இல் மண்டபத்தைத் திறந்தார்கள். டபுள்டே 1839இல் வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியில் மாணவராக இருந்தார். கதைக்கு ஆதாரம் இல்லை என்பதை இன்று வரலாற்றாசிரியர்கள் எல்லாரும் ஏற்கிறார்கள். ஆக, உலகின் மிகப் பெரிய பேஸ்பால் மண்டபம் நடக்காத ஓர் ஆட்டத்தின்மேல் நிற்கிறது. அந்த ஊரின் மைதானத்துக்கு அவர் பெயர். மண்டபத்துக்குள் மட்டும் அவரைச் சேர்க்கவில்லை.

பதிவேட்டில் ஓர் ஆட்டம்கூட இல்லை என்பது அங்கே தகுதிக் குறைவாக இருக்கலாம். நம் லீக்குகளில் அது குறையே அன்று. ஆகவே அடுத்த வாக்குச்சீட்டில் ஜெனரல் டபுள்டேயின் பெயரை இதனால் முன்மொழிகிறேன். ஐந்தாண்டுக் காத்திருப்பு நிறைந்ததா என்று எவரும் ஐயுற வேண்டா, 1893இல் இறந்துவிட்டார்.