இருபது குடமும் இரண்டு கண்ணாடியும்

போன இதழில் ‘பிளைண்ட் ஸ்பாட்’ என்று ஒரு வரி எழுதப்போக, இந்த முறை கடிதங்கள் குவிந்துவிட்டன. அகராதிக்காரர்கள் ‘குருட்டிடம்’ என்பார்கள். இடித்த பிறகு டிரைவர்கள் சொல்லும் பெயர், ‘சைடுல தெரியல சார்.’

புது கார் வாங்கியவர், திருச்சி: உள்ளே ஒன்று, வெளியே இரண்டு என மூன்று கண்ணாடிகள் இருந்தும் பக்கத்தில் வந்த பைக் எப்படித் தெரியாமல் போகிறது?

வண்டியை நிறுத்தி வைத்துக்கொண்டு வலது கண்ணாடியைப் பாருங்கள். என்ன தெரிகிறது? உங்கள் காரின் பின்கதவு, கைப்பிடி, அந்தப் புதுப் பெயின்ட். ஆசைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கதவு உங்களை விட்டு எங்கும் போகப்போவதில்லை. அதை ஏன் காவல் காக்கிறீர்கள்? உங்கள் கதவு தெரியும் அளவுக்குப் பக்கத்து ரோடு தெரியவில்லை, அவ்வளவுதான் விஷயம்.

1995-ல் ஜார்ஜ் பிளாட்சர் என்ற அமெரிக்கப் பொறியாளர் இதைக் கணக்குப் போட்டு ஒரு கட்டுரையே எழுதினார். அவர் சொன்ன வழியை நம் ஊர் ஸ்டீயரிங்குக்குத் தகுந்தபடி மாற்றிச் சொல்கிறேன். தலையை வலது ஜன்னலில் ஒட்டும் வரை சாயுங்கள். உங்கள் காரின் ஓரம் இதோ மறையப்போகிறது என்னும் வரை வலது கண்ணாடியை வெளியே தள்ளுங்கள். பிறகு இரண்டு சீட்டுக்கும் நடுவே தலையைக் கொண்டுவந்து, இடது கண்ணாடிக்கும் இதையே செய்யுங்கள். நிமிர்ந்து உட்கார்ந்தால் உங்கள் கார் இரண்டிலும் தெரியாது. பயப்பட வேண்டாம், அது கீழேதான் இருக்கிறது.

சரியாக வைத்தீர்களா என்று பார்க்க ஒரு பஸ் போதும். அது உங்களை ஓவர்டேக் செய்யும்போது முதலில் நடுக் கண்ணாடியில் வரும். அதிலிருந்து நழுவும்போதே வலது கண்ணாடியில் தலைகாட்டும். அதையும் தாண்டும்போது கடைக்கண்ணில் பட்டுவிடும். செங்கல் கைமாறுவது போல, நடுவே கீழே விழாமல் வர வேண்டும். முதல் ஒரு வாரம் யாரோ ஒருவர் காரை ஓட்டுவது போல இருக்கும், பழகிவிடும். ஒரே ஒரு சங்கடம்: சந்துக்குள் பார்க் செய்யும்போது பின்சக்கரம் தெரியாது. அப்போது தலையைச் சாய்த்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சந்தேகப் பிராணி, மதுரை: அப்படியானால் கழுத்தைத் திருப்பவே வேண்டாமா?

வேண்டும். கண்ணாடியைச் சரியாக வைத்தால் மறைவு குறையும், ஒழியாது. மேலும் அந்தக் கணக்கு லேன் லேனாக வண்டி போகும் ஊருக்குப் போட்டது. நம் ஊரில் இரண்டு லேனுக்கு நடுவே மூன்றாவது லேன் ஒன்று பைக்காரர்களுக்கென்று தானாக உருவாகும். ஆகவே இண்டிகேட்டர், கண்ணாடி, அப்புறம் ஒரு நொடி கழுத்து. கழுத்தை மட்டும் திருப்புங்கள். தோளும் சேர்ந்து திரும்பினால் ஸ்டீயரிங்கும் கூடவே வந்துவிடும்.

கல்லூரி மாணவர், கோவை: மிரர் இருந்தால் பைக்கின் லுக்கே போய்விடுகிறதே?

கழற்றி வைத்த மிரர் இப்போது உங்கள் வீட்டுப் பரணில் ஒரு பழைய அண்டாவைக் காட்டிக்கொண்டிருக்கும். அந்த அண்டா உங்களை ஓவர்டேக் செய்யாது.

ஆங்கிலம் படிக்கும் பாட்டி, கும்பகோணம்: இடது கண்ணாடியில், ‘இதில் தெரிபவை தெரிவதைவிட அருகில் உள்ளன’ என்று பொறித்திருக்கிறதே. தூரத்தில் தெரிவது எப்படி அருகில் இருக்கும்?

பளபளக்கும் எவர்சில்வர் கரண்டியின் முதுகில் உங்கள் முகத்தைப் பாருங்கள், பாட்டி. முகம் சின்னதாகத் தெரியும், பின்னால் சமையலறை முழுவதும் தெரியும். வெளிப்பக்கம் புடைத்த கண்ணாடி என்றால் அப்படித்தான்; நிறைய இடத்தைக் காட்டும், எல்லாவற்றையும் சுருக்கிக் காட்டும். சின்னதாகத் தெரிந்தால் தூரத்தில் இருக்கிறது என்று மூளை தானாக முடிவுகட்டிவிடுகிறது. அதனால் வெளிக் கண்ணாடியில் வண்டி இருக்கிறதா என்று பாருங்கள். எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதை நடுக் கண்ணாடியிடம் கேளுங்கள். அது சமதளம், உள்ளதை உள்ளபடி சொல்லும்.

பொது அறிவு ரசிகர், தென்காசி: பின்னால் பார்க்கும் கண்ணாடியைக் கண்டுபிடித்த புண்ணியவான் யார்?

புண்ணியவதி என்றும் சொல்லலாம். டோரத்தி லெவிட் என்ற ஆங்கிலேயப் பெண், கார் ஓட்டும் பெண்களுக்காக 1909-ல் எழுதிய புத்தகத்தில், கையோடு ஒரு கைக்கண்ணாடி வைத்துக்கொள்ளுங்கள், தூக்கிப் பிடித்தால் பின்னால் வருவது தெரியும் என்றார். 1911-ல் இண்டியானாபொலிஸ் 500 மைல் பந்தயம் முதன்முறையாக நடந்தது. மற்ற கார்களில் ஓட்டுநரோடு ஒரு மெக்கானிக்கும் உட்கார்ந்து, பின்னால் யார் வருகிறார்கள் என்று சொல்லிக்கொண்டே வந்தார். ரே ஹரூன் மட்டும் ஆளுக்குப் பதிலாகக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தனியாக வந்தார். எதிராளிகள் முணுமுணுத்தார்கள். ஜெயித்தது அவர்தான். ஆனால் செங்கல் பாவிய அந்தத் தரையில் கண்ணாடி அதிர்ந்த அதிர்ச்சியில் ஒன்றுமே தெரியவில்லை என்று பின்னாளில் அவரே சொன்னாராம்!

அந்த மெக்கானிக்கை அவர்கள் இறக்கிவிட்டார்கள். நம் லாரிகளில் அவர் இன்னும் இருக்கிறார். பெயர் கிளீனர். ‘வரட்டும் வரட்டும்... ஒடிச்சு வரட்டும்... ஹோல்டான்!’ இந்த மூன்று சொல்லை மிஞ்சும் கேமரா எதுவும் இன்னும் வரவில்லை என்பது என் கட்சி.

லாரி உரிமையாளர், நாமக்கல்: நீங்கள் கார்க்காரர்களுக்கே எழுதுகிறீர்கள். எங்கள் டிரைவருக்குத் தெரியாத இடத்தில் வந்து நிற்கும் ஸ்கூட்டிக்காரர்களுக்கு ஏதாவது சொல்லக் கூடாதா?

சொல்கிறேன். லாரி டிரைவர் உயரத்தில் உட்கார்ந்திருப்பதால் ஊரே தெரியும் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். மொட்டை மாடியில் நிற்பவருக்குத் தெருமுனை தெரியும். தன் வீட்டு வாசல்படி தெரியாது. சிக்னலில் லாரியின் மூக்கை உரசிக்கொண்டு நிற்கும் ஸ்கூட்டி அந்த வாசல்படியில்தான் நிற்கிறது. பின்பக்கம் முழு மறைவு. எல்லாவற்றிலும் மோசம் இடது பக்கம்; டிரைவர் உட்கார்ந்திருப்பது வலது கோடியில், நடுவே ஒரு கேபின் அகலம்.

எண்ணூர் பக்கம் கன்டெய்னர் லாரிகளோடு போய்வருகிறவர்களுக்கு இது தெரியும்: டிரெய்லர் இடது பக்கம் திரும்பும்போது முதலில் வலது பக்கம் ஒதுங்கும். இடது ஓரத்தில் தாராளமாக இடம் விடுவது போல இருக்கும். நமக்குத்தான் வழிவிடுகிறார் என்று உள்ளே நுழையாதீர்கள். முன்சக்கரம் போன வழியில் பின்சக்கரம் வராது. உள்பக்கமாக, நீங்கள் நிற்கும் இடத்தை வெட்டிக்கொண்டு வரும். லாரியின் சைடு மிரரில் டிரைவரின் முகம் உங்களுக்குத் தெரியவில்லை என்றால் அவருக்கும் நீங்கள் தெரியவில்லை.

லண்டனில் இதற்கு நட்சத்திரமே கொடுக்கிறார்கள். 12 டன்னுக்கு மேற்பட்ட லாரி என்றால், டிரைவர் சீட்டிலிருந்து நேர்க் கண்ணால் எவ்வளவு தெரிகிறது என்று அளந்து பூஜ்யம் முதல் ஐந்து வரை நட்சத்திரம். 2024 அக்டோபர் முதல் மூன்றுக்குக் குறைந்தால், கூடுதல் கேமராவும் சென்சாரும் மாட்டாமல் ஊருக்குள் வர முடியாது. ஓட்டலுக்குத்தான் நட்சத்திரம் என்று நினைத்திருந்தேன்.

பெயர் சொல்ல விரும்பாத டிரைவர், சாலிகிராமம்: நடிகர்களின் கேரவன் ஓட்டுகிறேன். திரும்பும்போது பக்கத்தில் நிற்கும் வண்டியைப் பின்னால் உரசிவிடுகிறது. முன்னால் எல்லாம் சரியாகத்தான் வருகிறது.

உங்கள் வண்டியில் பின்சக்கரத்துக்குப் பின்னால் நீண்டிருக்கிறதே, மேக்கப் ரூமோ பாத்ரூமோ, அதுதான் குற்றவாளி. வண்டி இடது பக்கம் திரும்பினால் பின்சக்கரத்தைச் சுற்றி அந்த வால் வலது பக்கம் வீசும். முதலை திரும்புவதைப் பார்த்ததில்லையா? வால் எவ்வளவு நீளமோ வீச்சும் அவ்வளவு. சுவரை ஒட்டி நிறுத்தியிருந்தால் முதலில் நேராகக் கொஞ்சம் முன்னால் எடுத்து, வால் சுவரைத் தாண்டிய பிறகு ஒடியுங்கள். நடுக் கண்ணாடி உங்களுக்கு இல்லை, இருந்தாலும் அதில் ஹீரோவின் சோபாதான் தெரியும். பின்னால் ஒரு கேமரா, கீழே ஒரு ஆள். இரண்டும் வேண்டும்.

கிராஸ் ரோட்டில் பயந்தவர், தஞ்சாவூர்: இரண்டு பக்கமும் பார்த்துத்தான் போனேன். திடீரென்று ஒரு சைக்கிள் முளைத்தது. மாயமா?

மாயம் இல்லை, பில்லர். முன் கண்ணாடிக்கும் கதவுக்கும் நடுவே கூரையைத் தாங்கும் தூண். கவிழ்ந்தாலும் கூரை நசுங்கக் கூடாது என்று கம்பெனிக்காரர்கள் அதைத் தடித்தடியாக்கிவிட்டார்கள். தூண் 12 சென்டிமீட்டர் அகலம், கண்ணிலிருந்து 80 சென்டிமீட்டர் தூரம் என்று வைத்துக்கொண்டால், 20 மீட்டருக்கு அப்பால் சுமார் 1.4 மீட்டர் இரண்டு கண்ணுக்கும் தெரியாது. பால் கேனோடு வருகிறவரை மறைக்க அது போதும். கொடுமை என்னவென்றால், உங்கள் வேகமும் அவர் வேகமும் பொருந்திவிட்டால், நீங்கள் நகர நகர அவரும் தூணுக்குப் பின்னாலேயே நகர்ந்து வருவார். மோதும் திசையில் வருகிற வண்டிதான் அப்படி ஒரே கோணத்தில் நின்றுகொண்டிருக்கும்.

கோயில் யானை தலையாட்டுகிற மாதிரி, கிராஸ் ரோட்டில் உடம்பை முன்னும் பின்னும் ஒருமுறை ஆட்டிப் பாருங்கள். பார்ப்பவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

விஞ்ஞான ஆசிரியை, விருதுநகர்: கண்ணுக்குள்ளேயே ஒரு குருட்டிடம் உண்டு என்று உங்கள் வாசகர்களுக்குச் சொல்லுங்களேன்.

நன்றி டீச்சர். 1660-களில் மாரியோத் என்ற பிரெஞ்சுக்காரர் கண்டறிந்தது. பார்வை நரம்பு கண்ணை விட்டு வெளியேறும் இடத்தில் பார்க்கும் செல்களே கிடையாது. இரண்டு கட்டைவிரல்களையும் கை நீட்டிச் சேர்த்துப் பிடியுங்கள். இடது கண்ணை மூடி, வலது கண்ணால் இடது விரலையே பாருங்கள். வலது விரலை மட்டும் மெல்ல வலப்புறம் நகர்த்தினால், ஒரு சாணுக்குள் விரல்நுனி காணாமல் போகும்! அங்கே கறுப்பாக ஓட்டை தெரிவதில்லை. பின்னால் இருக்கும் சுவரைக் கொண்டு மூளை ஒட்டுப் போட்டுவிடுகிறது. தெரியாததை எல்லாம் தானே இட்டு நிரப்பும் குணம் வாட்ஸ்அப் குரூப்புகளுக்கு எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிகிறது.

இளம் தந்தை, வேலூர்: ரிவர்ஸ் சென்சார் இருக்கிறதே, போதாதா?

2019 ஜூலை முதல் புதுக் கார்களில் அது கட்டாயம். நல்லதுதான். ஆனால் பம்பருக்குக் கீழே உட்கார்ந்து மண்ணில் விளையாடும் குழந்தைக்கும் சென்சாரின் ‘பீப்’புக்கும் நடுவே நான் பந்தயம் கட்ட மாட்டேன். வண்டியில் ஏறும் முன் ஒரு சுற்று சுற்றி வாருங்கள். இதில் நகைச்சுவை எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

குறும்புக்காரர், புதுச்சேரி: இவ்வளவு பேசுகிறீர்களே, நீங்கள் யாரையாவது இடித்திருக்கிறீர்களா?

மதுராந்தகம் தாண்டி, ஒரு காலை நேரம். இடது பக்கம் டீக்கடை. ஆவி பறக்கும் பாய்லரைப் பார்த்துவிட்டு இண்டிகேட்டர் போட்டேன், கண்ணாடியைப் பார்த்தேன், ஒடித்தேன். ‘டொக்’ என்று ஒரு சத்தம். இறங்கிப் பார்த்தால் ஒரு டிவிஎஸ் எக்ஸ்எல், அதன் மேல் மலைபோல் பிளாஸ்டிக் குடங்கள்: சிவப்பு, மஞ்சள், நீலம், எல்லாம். ஒரு பச்சைக் குடம் மட்டும் ரோட்டோரம் உருண்டுகொண்டிருந்தது. ஓட்டியவருக்குக் காயமில்லை, காலை ஊன்றி நின்றபடி நிதானமாகக் கேட்டார்: “சார், இருபது குடம். ஒண்ணு கூடவா தெரியல?”

அந்தப் பச்சைக் குடத்தை வாங்கிக்கொண்டோம். எண்பது ரூபாய் சொன்னார். விரிசல் விட்டிருக்கிறதே, பத்து ரூபாய் குறைத்துக்கொள்ளக் கூடாதா என்று என் மனைவி பேரம் பேசினாள்.