பானட்டைத் தூக்கு, பூர்வீகம் தெரியும்

அமெரிக்காவில் பழைய டாட்சன் ஸ்போர்ட்ஸ் கார் வாங்கப் போகிறவர் எப்போதாவது ஒரு விசித்திரத்தைச் சந்தித்தே தீருவார். நீண்ட மூக்கு, சரிந்து இறங்கும் முதுகு, பின்னால் 'ஃபேர்லேடி இசட்' என்று பளபளக்கும் எழுத்து. ரியர்வியூ கண்ணாடிகள் கதவில் இல்லாமல், அரை பர்லாங் தள்ளி முன் மட்கார்டு மேலே நிற்கும். "அசல் ஜப்பான் வண்டி சார்" என்பார் விற்பவர். உள்ளே எட்டிப் பார்த்தால் ஸ்டியரிங் இடது பக்கம். ஜப்பானில் நம்மைப் போல இடது ஓரமாகத்தான் வண்டி ஓட்டுகிறார்கள், ஸ்டியரிங் வலது பக்கம் இருக்க வேண்டுமே என்று இழுத்தால், அவருக்கு அவசரமாக ஒரு போன் வந்துவிடும்.

மோசடி என்று சொன்னால் மனம் புண்படும். மேக்கப் என்று வைத்துக்கொள்வோம். இந்த மேக்கப்புக்குக் காரணமானவர்கள் இரண்டு பேர். ஒருவர் பெயர் வைத்தார், இன்னொருவர் அதைப் பிடுங்கிப் போட்டார்.

பெயர் வைத்தவர் கவமட்டா கட்சுஜி. 1957இல், டாட்சன் கார்களைச் செய்த நிஸ்ஸான் கம்பெனியின் தலைவரானார். கம்பெனிக்கு வருமுன் வங்கிக்காரர். வங்கியிலிருந்து வந்தவர் என்றால் வட்டி, அசல், அடமானம் என்று பேசுவார் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அவரோ வண்டிகளுக்கு நாடகத்திலும் நாவலிலும் பெயர் தேடினார். ஒரு காருக்கு மேட்டர்லிங்க் எழுதிய நாடகத்திலிருந்து 'புளூபேர்ட்'. இன்னொன்றுக்கு ஆங்கிலக் குழந்தைகள் நாவலில் வரும் பிரபு வீட்டுப் பேரனின் பெயர், 'செட்ரிக்'. 1958இல் நியூயார்க் போனவர் பிராட்வேயில் 'மை ஃபேர் லேடி' பார்த்துச் சொக்கிப்போனார். கம்பெனியின் ஸ்போர்ட்ஸ் காருக்கு 'ஃபேர்லேடி' என்று நாமகரணம் ஆயிற்று. அன்று இரவு அவருக்கு 'மேக்பெத்' டிக்கெட் கிடைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பார்க்கலாம்.

பிடுங்கிப் போட்டவர் கட்டயாமா யுடகா. கார்ப் பைத்தியம். 1958இல் ஆஸ்திரேலியாவையே வலம்வரும் பந்தயத்துக்கு இரண்டு சின்ன டாட்சன்களோடு போய், தம் பிரிவில் ஜெயித்துத் திரும்பியவர். ஆனால் கம்பெனியில் கோலோச்சிய தொழிற்சங்கத்தோடு அவருக்கு ஒத்துப்போகவில்லை. அப்படிப்பட்டவர்களை என்ன செய்வார்கள்? தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றுவார்கள். 1960இல் கட்டயாமாவுக்கு விழுந்த காடு லாஸ் ஏஞ்சல்ஸ். போய் மார்க்கெட் நிலவரம் பார்த்து எழுதும் என்று அனுப்பிவிட்டு, தலைமையகம் நிம்மதியாகப் பெருமூச்சு விட்டது.

மனுஷர் அங்கேயே வேர்விட்டு, 1965இல் அமெரிக்க நிஸ்ஸானுக்கே தலைவராகிவிட்டார். 'மிஸ்டர் கே' என்று டீலர்கள் கூப்பிட்டார்கள். அவர் திரும்பத் திரும்ப ஊருக்கு எழுதிய விண்ணப்பம் ஒன்றுதான்: அமெரிக்கன் ஆசைப்பட்டு வாங்குகிற மாதிரி, விலை கட்டுப்படியாகிற மாதிரி ஒரு ஸ்போர்ட்ஸ் கார் கொடுங்கள். மட்சுவோ யோஷிஹிகோவின் குழு வரைந்தது. 1969 அக்டோபரில் வண்டி வெளிவந்தது. அமெரிக்காவில் விலை 3,526 டாலர். அந்தக் காலத்து ஜாகுவார், போர்ஷே விலையோடு ஒப்பிட்டால் கிட்டத்தட்டத் தள்ளுபடி விற்பனை.

கப்பலிலிருந்து இறங்கிய வண்டியைப் பார்த்த கட்டயாமாவுக்கு ரத்தம் கொதித்தது. பின்னால் 'ஃபேர்லேடி'. ஆக்சிலரேட்டரை மிதித்தால் உறுமுகிற ஆறு சிலிண்டர் வண்டிக்குப் பாட்டு நாடகத்தின் பெயரா! எழுத்தைக் கழற்றி எறிந்துவிட்டு '240 இசட்' என்று ஒட்டினார் என்பது இன்றுவரை வழங்கும் கதை. தலைவர் ஆசையாக வைத்த பெயரை ஊழியர் பெயர்த்தெடுத்தால் சீட்டுக் கிழியாதா? 240 இசட் என்பது கம்பெனியே உள்ளுக்குள் வைத்திருந்த குறியீடுதான். தலைமையகம் எதைச் சொல்லித் திட்டும்? அரசாங்க உத்தியோகம் பார்த்தவர்களுக்கு இந்த உத்தியின் அழகு புரியும்.

ஆக, தொழிற்சாலை வாசலிலேயே வண்டி இரண்டு சாதியாகப் பிரிந்துவிட்டது. எது எந்த ஊருக்குப் பிறந்தது என்று கண்டுபிடிக்க ஜாதகம் தேவையில்லை, பானட்டைத் தூக்கினால் போதும். எஞ்சினுக்குப் பின்னால் இருக்கிற ஃபயர்வால் தகட்டிலேயே சேஸிஸ் நம்பரை அடித்திருப்பார்கள். நம்மூர் ஆர்.டி.ஓ. ஆபீஸில் பென்சிலைத் தேய்த்து செல்லோ டேப்பில் எடுத்துத் தருவோமே, அந்த ரகம். 'எஸ்30' என்று மட்டும் ஆரம்பித்தால் ஜப்பானுக்கே பிறந்த இரண்டு லிட்டர் வண்டி. முன்னால் 'எச்' சேர்ந்து 'எச்எஸ்30' என்றால் 2.4 லிட்டர், வலது பக்க ஸ்டியரிங். நடுவில் ஒரு 'எல்' நுழைந்து 'எச்எல்எஸ்30' ஆகிவிட்டால் இடது பக்க ஸ்டியரிங், அநேகமாக அமெரிக்காவுக்குப் போனது. ஃபேர்லேடி எழுத்தை எத்தனை பசை போட்டு ஒட்டினாலும் இந்த ஒற்றை 'எல்' காட்டிக் கொடுத்துவிடும்.

இதிலே 'பிஎஸ்30' என்று ஒரு பிறவி உண்டு. இசட்432. அதே கம்பெனியின் ஸ்கைலைன் ஜி.டி.ஆர். காரின் எஞ்சினைத் தூக்கி இதற்குள் வைத்தார்கள். ஒரு சிலிண்டருக்கு நாலு வால்வு, மூன்று கார்புரேட்டர், இரண்டு கேம்ஷாஃப்ட். அதுதான் அந்த நாலு, மூன்று, இரண்டு. செய்தது நானூற்றுச் சொச்சம்தான். அதனால் இன்று 432 எழுத்து ஒட்டிய வண்டி யாராவது காட்டினால், எழுத்தைப் பார்க்காமல் நேரே ஃபயர்வாலைப் பார்ப்பதுதான் மரியாதை.

ஜப்பான்காரனுக்கு ஏன் இரண்டே லிட்டர்? அந்த ஊரில் எஞ்சின் இரண்டு லிட்டரைத் தாண்டினால் வரி எகிறும், நம்பர் பிளேட்டில்கூட வேறு வரிசை வந்து ஊருக்கே பறைசாற்றும். அதனால் உள்ளூரில் 1,998 சி.சி., 130 குதிரைத்திறன். கடல் தாண்டிப் போனதற்கு 2,393 சி.சி., 151 குதிரைத்திறன். விருந்தாளிக்குத் தயிரும் வீட்டுப் பிள்ளைக்கு மோரும் ஊற்றின கணக்கு. 1971இல்தான் உள்ளூர்க்காரனுக்கும் 2.4 லிட்டர் கிடைத்தது. கூடவே ஃபைபரில் இழுத்துச் செய்த மூக்கு ஒன்றை மாட்டி, சக்கரங்களுக்கு மேலே ரிவெட் அடித்த வளைவுகளையும் வைத்து 240 இசட்ஜி என்று ஒன்று விட்டார்கள். ஏற்கெனவே இந்தக் காரில் பாதி மூக்குதான். அதை இன்னும் நீட்ட வேண்டும் என்று தோன்றிய துணிச்சலைப் பாராட்ட வேண்டும்.

மட்கார்டுக் கண்ணாடியும் ஆசைக்கு வைத்ததல்ல. 1983 வரைக்கும் ஜப்பானில் அதுதான் சட்டம். சரிசெய்ய இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் சீட்டில் உட்கார்ந்து "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம், ஐயோ போச்சு" என்று கத்த, மற்றவர் வெளியே நின்று திருப்ப வேண்டும். அமெரிக்க வண்டிக்கு இந்தத் தொல்லை இல்லை. ஆனால் அதற்கு வேறு தொல்லை வைத்திருந்தார்கள்: உடம்பின் நாலு மூலையிலும் பக்கவாட்டு விளக்கு. அந்த ஊர்ச் சட்டம். வண்டியில் அந்த விளக்கு இருந்தால், அல்லது அதைப் பிடுங்கி ஓட்டையை அடைத்த தழும்பு பெயிண்டுக்குக் கீழே இருந்தால், அமெரிக்க ஜாதகம் உறுதி.

கியரில் நடந்த கூத்து இன்னும் சுவையானது. கண்ணுக்கெட்டின தூரம் வரை நேராக ஓடும் நெடுஞ்சாலைகள் உள்ள அமெரிக்காவுக்கு நாலு கியர். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு ரவுண்டானா வரும் இங்கிலாந்துக்கு ஐந்து கியர். யார் போட்ட கணக்கோ! 1977இல்தான் அமெரிக்கனுக்கு ஐந்தாவது கியர் கேட்டால் கிடைக்கிற பொருளாயிற்று.

அதற்குள் அமெரிக்க வண்டியைச் சட்டங்கள் ஒரு வழி பண்ணியிருந்தன. புகைக் கட்டுப்பாட்டுக்காக 1973இல் தட்டைத் தலைக் கார்புரேட்டர் வந்தது. அதை வாங்கியவர்களில் பலர், முதல் வேலையாகக் கழற்றிவிட்டு, பழைய உருண்டைத் தலைக் கார்புரேட்டரைத் தேடி அலைந்தார்கள். பம்பர் தடித்துக்கொண்டே போனது. புகையை அடக்கப் போய்ச் சுருங்கின சக்தியை ஈடுகட்ட 1974இல் 2.6 லிட்டர், அதுவும் போதாமல் 1975இல் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்ஷனோடு 2.8 லிட்டர். இந்த 280 இசட் வட அமெரிக்காவுக்கென்றே செய்தது. எனவே 280 என்று எழுதியிருந்தால் ஃபயர்வாலைத் தொந்தரவு செய்ய வேண்டியதில்லை. ஏற்றுமதியான மற்ற ஊர்கள் 260இலேயே காலம் தள்ளின.

கட்டயாமா 1977இல் ஊர் திரும்பினார். டாட்சன் என்ற பெயரையே கம்பெனி எண்பதுகளில் தலைமுழுகிற்று. பல வருஷம் கழித்து அந்தப் பெயருக்கு மறுபிறவி கொடுத்த இடங்களில் ஒன்று நம்ம ஒரகடம். 2014இல் அங்கே செய்த 'டாட்சன் கோ'வுக்கு ஃபேர்லேடி பாட்டியோடு என்ன உறவு என்று கேட்காதீர்கள். பெயர் ஒன்று, அவ்வளவுதான். அதுவும் 2022இல் முடிந்தது. இதற்கிடையில் 1990களில் அமெரிக்க நிஸ்ஸான், தான் விற்ற பழைய 240 இசட்களைத் தானே தேடி வாங்கிப் புதுப்பித்து, சுமார் 25,000 டாலருக்கு மறுபடி விற்றது.

இப்போது நிலைமை தலைகீழ். கட்டயாமா பிடுங்கியெறிந்த எழுத்தை அமெரிக்க ரசிகர்கள் காசு கொடுத்து வாங்கி, 'எச்எல்எஸ்' வண்டியில் பயபக்தியோடு ஒட்டுகிறார்கள். ஜப்பானிலோ ஒரு கூட்டம், உள்ளூர்க் கார்களுக்கு அமெரிக்கப் பக்கவாட்டு விளக்கும் தடித்த பம்பரும் மாட்டி, சட்டத்துக்குப் பயந்து வைத்ததையெல்லாம் ஃபேஷனாக அனுபவிக்கிறது.

ஒட்டு வேலையில் நம்பிக்கை இல்லாத அமெரிக்கர்களுக்கும் வழி உண்டு. 25 வயது தாண்டிய காரைப் பாதுகாப்புச் சட்டம் தொந்தரவு செய்யாமல் உள்ளே விட்டுவிடும். அசல் எஸ்30 ஃபேர்லேடியைக் கப்பலேற்றி வரவழைக்கலாம்: வலது ஸ்டியரிங், மட்கார்டுக் கண்ணாடி, இரண்டு லிட்டர், எல்லாம் ஃபயர்வாலில் அடித்தபடி சுத்தம். பெருமையாக ஓட்டிக்கொண்டு போய்ப் பர்கர் கடை ஜன்னலில் நிறுத்தினால், பொட்டலம் எதிர்ப்பக்கமாக நீளும். பக்கத்து சீட்டின் மேல் படுத்துக் கையை நீட்டுவதா, இறங்கிச் சுற்றி வருவதா என்று அவர் முடிவெடுப்பதற்குள் பின்னால் ஹாரன் சத்தம் ஆரம்பித்துவிடும்.