தக்கவைப்பு நிபுணர்

சென்னை சூப்பர் கிங்ஸ் அணியில் யாரை வைத்துக்கொள்வது, யாரைக் கழற்றிவிடுவது என்பதை அணி நிர்வாகம் முடிவு செய்வதாகப் பொதுவாக நம்பப்படுகிறது. பூந்தமல்லியில் இதை நம்புகிறவர்கள் குறைவு. இங்கே அந்தப் பொறுப்பு தக்கவைப்பு நிபுணரிடம் இருக்கிறது. கரையான்சாவடியிலோ குமணன்சாவடியிலோ, மெட்ரோ பாலத்தின் நிழல் விழும் டீக்கடை எதுவானாலும் ஒருவராவது தென்படுவார். நாற்பதை ஒட்டிய வயது. கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போகும் ஷிப்ட் பஸ்ஸுக்காகக் காத்திருக்கும் அரை மணி நேரமே இவருடைய அலுவல் நேரம். ஞாயிற்றுக்கிழமைகளில் மஞ்சள் ஜெர்சியில் வருவார். தோய்த்துத் தோய்த்து முதுகில் உள்ள 7-இன் மேல்கோடு உரிந்துபோய் 1 போலத் தெரியும்.

ஐ.பி.எல். போட்டிகள் நடக்கும் இரண்டு மாதமும் இவருக்குப் பெரிய வேலை இல்லை. மேட்ச் பார்ப்பதற்கு ஊரே இருக்கிறது. தக்கவைப்புப் பட்டியலை ஒப்படைக்கக் கடைசி நாள் நெருங்கும்போதுதான் இவர் தொழிலுக்கு இறங்குகிறார். 2024-இல் அந்த நாள் அக்டோபர் 31, அதாவது தீபாவளி. எண்ணெய் தேய்த்துக் குளித்த தலையோடு, புதுச்சட்டை காலரில் மஞ்சள் பொட்டு காயாமல், வெடிச் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்தி, பந்துவீச்சாளர் பதிரானாவுக்கு 13 கோடி கொடுத்தது அதிகமா இல்லையா என்று அன்று மாலை வாதாடியவர்கள் உண்டு.

பாடத்திட்டம் எளிது. அணியில் அதிகபட்சம் 25 பேர் இருக்கலாம். மைதானத்தில் 11, 2023-இல் வந்த இம்பாக்ட் பிளேயரைச் சேர்த்தால் 12. மீதி 13 பேர் பெஞ்ச். ருதுராஜை வைத்துக்கொள்ளலாமா என்று நிபுணரைக் கேட்டால் அவமானமாக எடுத்துக்கொள்வார். அது குழந்தைகள் கேட்கும் கேள்வி. தோனியைப் பற்றிக் கேட்பதற்கே அனுமதி இல்லை. ஐந்து ஆண்டுகள் சர்வதேசப் போட்டி ஆடாத இந்திய வீரரை ‘அன்கேப்டு’ கணக்கில் வைக்கலாம் என்ற விதியின்படி, இரண்டு உலகக் கோப்பைகளை வென்ற கேப்டன் 4 கோடிக்குப் புதுமுகங்களின் வரிசையில் உட்கார்ந்ததை இவர் கண்ணிமைக்காமல் விளக்குவார். இவருடைய உண்மையான அக்கறை பதின்மூன்றாவது ஆளிலிருந்து தொடங்குகிறது.

இந்த இனத்தில் இரண்டு கட்சிகள் உண்டு. ஒன்று ‘வச்சுக்கோ’ கட்சி. எவரையும் விடக்கூடாது என்பது இவர்கள் கொள்கை. இவர்கள் வீட்டுப் பரணில் ஓடாத டேபிள் ஃபேன், மூடி இல்லாத குக்கர், பழைய பிக்சர் டியூப் டி.வி. ஆகியவை பத்திரமாக இருக்கும், என்றைக்காவது பயன்படும். மற்றது ‘கழட்டி விடு’ கட்சி. பெஞ்சில் இருப்பவன் எல்லாம் தண்டச்சோறு என்பது அவர்கள் முடிவு. அவர்கள் வீட்டில் பரணே இருக்காது.

‘வச்சுக்கோ’ கட்சியின் பிரம்மாஸ்திரம் தமிழக பேட்ஸ்மேன் நாராயண் ஜெகதீசன். சென்னை அணி அவரை 2022 நவம்பர் 15-ஆம் தேதி விடுவித்தது. ஆறே நாளில், விஜய் ஹசாரே கோப்பையில் 141 பந்தில் 277 ரன். அன்றுவரை லிஸ்ட் ஏ கிரிக்கெட்டில் எவரும் எட்டாத எண்ணிக்கை. இந்த 277-ஐச் சொல்லும்போது நிபுணர் டீ கிளாஸைக் கீழே வைத்துவிடுவார்.

“ஆறு நாள்டா! ஆறே நாள்! ஊட்டாண்ட இருந்த புள்ளைய வெளிய அனுப்புனா இப்டித்தான்.”

“யாருக்கு எதிரா அடிச்சான், அதச் சொல்லு மாமே.”

இங்கே ஒரு சிறிய மௌனம் விழும். எதிரணி அருணாச்சலப் பிரதேசம். மறுகட்சி எப்போதும் இந்த இடத்தில்தான் பிடிக்கும். பிறகு கொல்கத்தா அவரை 90 லட்சத்துக்கு வாங்கியதும், அங்கே பெரிதாக ஒன்றும் எடுபடாததும் வரிசையாக வரும். அதற்குப் பதிலடியாக சுழற்பந்து வீச்சாளர் சாய் கிஷோர் களமிறக்கப்படுவார். இரண்டு சீசன் மஞ்சள் உடுப்பில் ஒரு மேட்ச்சும் ஆடாமல் உட்கார்ந்தவர். 2022-இல் குஜராத் 3 கோடிக்கு எடுத்தது, அந்த வருடமே கோப்பையும் வென்றது. பாபா அபராஜித்தின் பெயர் வந்தால் இரு கட்சியும் குரலைத் தாழ்த்திக்கொள்ளும். ஆண்டுக்கணக்கில் அணியில் இருந்தும் ஒரு ஐ.பி.எல். போட்டியில்கூட இறக்கப்படாத அவர், இந்த வட்டாரத்தில் ஏறக்குறைய ஒரு தியாகி. 2019-இல் 26 விக்கெட் எடுத்து ஊதாத் தொப்பி வாங்கிய இம்ரான் தாஹிர் அடுத்த ஆண்டே தண்ணீர் பாட்டில் சுமந்ததை வைத்து, பெஞ்ச் என்பது திறமையைப் பொறுத்தது அல்ல, நேரத்தைப் பொறுத்தது என்று நிறுவுவார்கள்.

அடுத்தது கணக்கு. 2024-இல் ஏலத் தொகை 120 கோடி, தக்கவைத்த ஐவருக்கு 65 போக மிச்சம் 55 என்று கிழித்த சிகரெட் அட்டையின் உள்பக்கத்தில் எழுதிக் கழித்தார். கோடி என்ற சொல்லை உச்சரிப்பதில்லை. “அந்தப் பையனுக்கு ஒரு ரெண்டரைய குடுத்தா முடிஞ்சுது” என்பார், கொத்தமல்லிக் கட்டு பேரம் பேசுவது போல. அப்போது டீ மாஸ்டர் பாய்லருக்குப் பின்னாலிருந்து, “அண்ணே, உங்க பர்ஸுல எவ்ளோ மிச்சம்? போன மாச பாக்கி முந்நூத்தி நாப்பது” என்பார். இந்தக் குறுக்கீடு விவாதத்தில் சேராது.

நிபுணத்துவத்துக்கு வந்த பெரிய சோதனை 2025 நவம்பர். அணி அந்த ஆண்டு புள்ளிப் பட்டியலின் அடியில் முடித்திருந்தது. இளம் பேட்ஸ்மேன் ஆந்த்ரே சித்தார்த்தை வைத்துக்கொள்ள வேண்டுமா என்பதில் இரண்டு வாரமாகக் கட்சிகள் மோதிக்கொண்டிருந்தன. அந்த மும்முரத்தில் யாரும் பெயர்கூடச் சொல்லாத ரவீந்திர ஜடேஜா, சாம் கரனோடு ராஜஸ்தானுக்குப் போய்விட்டார். சஞ்சு சாம்சன் வந்தார். போன ஜடேஜாவோ, 2023 இறுதிப் போட்டியின் கடைசி இரண்டு பந்தில் சிக்ஸரும் ஃபோரும் அடித்தவர். கோழிக்கூண்டுக்குப் பூட்டுப் போட்டுவிட்டுத் திரும்பினால் தொழுவத்தில் மாட்டைக் காணோம். அன்று கடையில் வடை மிஞ்சியது. மறுநாள் காலைக்குள் நிபுணர் தேறிவிட்டார்: “நான் அப்பவே சொன்னேன்ல?” எப்போது சொன்னார் என்று யாரும் கேட்கவில்லை, கேட்பது இங்கே மரபில்லை. சித்தார்த்தும் விடுவிக்கப்பட்டது, அந்த அமளியில் பாதிப் பேருக்குத் தெரியாமலே போயிற்று.

டிசம்பர் 16 அபுதாபி ஏலத்தில் சென்னை, பிரசாந்த் வீர், கார்த்திக் சர்மா என்ற இரண்டு புதுமுகங்களைத் தலைக்கு 14.20 கோடி கொடுத்து எடுத்தது. அதுவரை பூந்தமல்லியில் ஒருவர் வாயிலும் வராத பெயர்கள். இரவு ஷிப்ட் முடிந்து திரும்புவதற்குள் இருவருடைய ஊர், ஸ்ட்ரைக் ரேட், எந்தக் கை ஆட்டம் எல்லாம் நிபுணருக்கு மனப்பாடம். விடியற்காலை டீயின் முதல் வாய் உள்ளே போவதற்கு முன்பே, ‘கழட்டி விடு’ கட்சிக்காரர் ஆரம்பித்துவிட்டார்.

“செரி மாமே, ரெண்டு பேர்ல எவன் பெஞ்சு?”