விகர்ணனுக்கு ஒரு நாற்காலி

தம்பி, கொஞ்சம் இப்படித் திண்ணையில உட்காரு. ஞாயித்துக்கிழமை ஆட்டத்துக்குப் பாப்பாவைக் கூட்டிக்கிட்டு வரலாமா கூடாதான்னு உன் கூட்டாளிங்களுக்குள்ள பஞ்சாயத்தாம். காதுல விழுந்துச்சு. தீர்ப்பு சொல்ல என்னை யாரும் கூப்பிடலை. கூப்பிடாமலே சொல்றதுதானே இந்த வயசுக்கு அழகு.

முதல் தீர்ப்பு, கூட்டிக்கிட்டுப் போகாதே. பிள்ளை வந்தா கஷ்டம் உங்களுக்குத்தான். பகடை சரிஞ்சு விழுந்துச்சு, இன்னொரு தரம் போடறேன்னு சொல்ல முடியாது. "சரியில்லை மாமா, ரெண்டுதான் விழுந்துச்சு, நான் பாத்தேன்"னு எதிர்ல ஒரு பொடிசு நிக்கும். நாப்பது வயசு ஆம்பளை அழுகுணி ஆட்டம் ஆடறப்போ பக்கத்துல சாட்சி வெச்சுக்குவானா?

இந்தச் சங்கடம் பாரதத்துலேயே இருக்கே. நம்ம ஓசூருக்குப் பக்கத்துல தொரப்பள்ளியில 1878ல பொறந்த ராஜாஜி 'வியாசர் விருந்து'ன்னு எழுதி வெச்சாரே, படிச்சிருக்கியா? தருமன் நாட்டை வெச்சான், தம்பிங்களை வெச்சான், தன்னை வெச்சான், கடைசியில பொண்டாட்டியையும் வெச்சுத் தோத்தான். பீஷ்மரும் துரோணரும் உட்கார்ந்த இடத்தை விட்டு அசையலை. விதுரர் சொன்னதைக் கேக்க ஆள் இல்லை. துரியோதனன் தம்பிங்கள்ல ஒருத்தன், விகர்ணன், எழுந்து நின்னு, முதல்லயே தன்னைத் தோத்தவன் அப்புறம் பொண்டாட்டியை எப்படிப் பணயம் வெக்கலாம்னு கேட்டான். கர்ணன் என்ன பண்ணினான்? நீ சின்னப் பையன், உனக்கு என்ன தெரியும்னு அதட்டி உட்கார வெச்சான். அன்னிக்கிருந்து அதே வசனம்தான். உன் கூட்டாளிங்க பேசறது ஒண்ணும் புதுசில்லை.

சரி, கூட்டிக்கிட்டுப் போகலைன்னா பாப்பாவை எங்கே விடுவே? நீ ஜெனரல் ஷிஃப்ட்டு, உன் வீட்டம்மா பி ஷிஃப்ட்டு. உனக்கு லீவு வர்ற நாள்ல அதுக்கு வராது. உன் ஆத்தா திருநெல்வேலியில, மாமியார் ஹாசன்ல. சிப்காட்டுக்குப் பிழைக்க வந்த பாதிப் பேரு கதை இதுதான். ஆட்டமோ எலக்ட்ரானிக் சிட்டியில. "ஒரு மணி நேரத்துல வந்துடறேன்"னு போவே. 1987லேர்ந்து டைட்டன் கடிகாரம் செய்யற ஊருல குடியிருந்துக்கிட்டு, அந்த ஒரு மணி நேரம் ராத்திரி பத்து வரைக்கும் எப்படிப்பா இழுக்குது? கேட்டா அத்திப்பள்ளியில டிராஃபிக்குன்னு சொல்லுவே.

எங்க காலத்துல இந்தக் கேள்வியே கிடையாது. கோயில் கல்லுலயும் பாறை மேலயும் ஆடு புலிக்குக் கோடு கீறி வெச்சிருக்கும். பிள்ளைங்களை யாரும் கூட்டிக்கிட்டு வரலை, அதுங்களா வந்து முதுகுல சாஞ்சுக்கும். நமக்கு ஆடு புலி, கன்னடத்தானுக்கு ஆடு ஹுலி, தெலுங்கனுக்குப் புலி மேக. ஆட்டம் ஒண்ணுதான். தோக்கறவன் திட்டறது மட்டும் மூணு பாஷையிலயும் வரும். எல்லைப் பக்கத்துப் பிள்ளைங்க மூணு பாஷையும் பள்ளிக்கூடத்துலயா கத்துக்கிச்சுன்னு நினைக்கறே?

புலி 3, ஆடு 15. ஆடு எல்லாத்தையும் ஒவ்வொண்ணா இறக்கி முடிக்கிற வரைக்கும் ஒரு ஆடும் நகரக் கூடாது. புலி மட்டும் திரியும், தாண்ட இடம் கிடைச்சா வெட்டும். பெரியவங்க என்ன பண்ணுவாங்க, வெட்டற குஷியில சத்தம் போடாம இருக்கும்னு பிள்ளைக்குப் புலியைக் குடுத்துடுவாங்க. நான் ஆட்டைத்தான் குடுப்பேன். முதல் நாள் புலிக்கு நேரா கொண்டுபோய் நிறுத்தும். நாலு ஆடு போகும், கண்ணுல தண்ணி வரும். அடுத்த நாள், புலி குதிச்சா இறங்க அந்தப் பக்கம் இடம் இருக்கான்னு விரலை வெச்சுப் பாக்கும். அந்த விரல் நகர்ற இடத்தை மட்டும் பாத்துக்கிட்டே இரு, தம்பி. அதுக்கப்புறம் நமக்குத்தான் ஆபத்து.

உங்க ஆட்டத்தையும் விசாரிச்சேன். 'கேட்டான்'னு (Catan) பேராம். ஜெர்மனிக்காரர் கிளவுஸ் டாய்பர் உருவாக்கி 1995ல வெளிவந்தது. மனுஷன் அப்போ செயற்கைப் பல் செய்யற தொழில்ல இருந்தவர். வேலை முடிஞ்சு வீட்டுக் கீழறையில உட்கார்ந்து ஆட்டம் கட்டி, பொண்டாட்டி பிள்ளைங்களையே வெச்சு ஆடிப் பாத்துத் திருத்தினவர். செஞ்சவர் பிள்ளைங்களோட ஆடினார். காசு குடுத்து வாங்கினவங்க பிள்ளைங்க வரக்கூடாதுங்கறீங்க. அதுலயும் ஆடு இருக்கு, ஆனா புலி இல்லை. 7 விழுந்தா ஒரு திருடன் வருவானாம், பக்கத்தாள் கையிலேர்ந்து ஒரு சீட்டை உருவலாமாம். அப்பன் கையிலேர்ந்து சீட்டு உருவற அந்த சுகத்தைப் பத்து வயசுப் பிள்ளைக்கு நீ தராம வேற யாரு தருவா?

அதனால ரெண்டாவது தீர்ப்பு, கூட்டிக்கிட்டுப் போ. மொதத் தீர்ப்பு என்னாச்சுன்னு கேக்காதே. மேல்கோர்ட்டும் நான்தான்.

ஆனா போறதுக்கு முன்னாடி ஒரு போன் போட்டுக் கேளு. பிள்ளை குட்டி இல்லாதவன் ஒருத்தன் வாரம் பூரா மிஷினோட மல்லுக்கட்டிட்டு, நாலு மணி நேரம் நிம்மதியா ஆடலாம்னு வர்றான். உன் பிள்ளை அவன் முதுகுல ஏறினா சிரிக்கத்தான் செய்வான். அடுத்த வாரம் அவனுக்குத் திடீர்னு ஊருல கல்யாணம் வரும். அதுக்கு அடுத்த வாரம் வளைகாப்பு. அப்படியே ஆட்டம் கலைஞ்சு போகும், யாரும் உன்னைக் குத்தம் சொல்லவும் மாட்டாங்க.

கூட்டிக்கிட்டுப் போய் மூலையில செல்போனைக் குடுத்து உட்கார வெக்கறதும் வேண்டாம். அதுக்கு வீட்டுலயே செல்போன் இருக்கே. ஒப்புக்குச் சப்பாணியா சேத்துக்கறது அதைவிட மோசம். தன் முறை கணக்குல வரலைன்னு அஞ்சு நிமிஷத்துல கண்டுபிடிச்சுடும். விவரம் போதாத வயசுன்னா பேங்க் வேலையைக் குடு, சீட்டு எண்ணிக் குடுக்கட்டும். உங்க யாரையும்விட நேர்மையா குடுக்கும். எல்லாத்தையும் வாயில போடற வயசுன்னா பேச்சே இல்லை, அந்தக் குட்டி மரவீடு தொண்டையில மாட்டினா எந்தத் தீர்ப்பும் உதவாது. அப்புறம், காசு வெச்சு ஆடற சீட்டுக்கச்சேரிக்கு மட்டும் கூட்டிக்கிட்டுப் போயிடாதே. போலீஸ் வந்தா இடுப்புல பிள்ளையோட சுவர் ஏற முடியாது. நான் பாத்திருக்கேன்.

இந்த ஞாயித்துக்கிழமை மட்டும் நீ தனியாவே கிளம்பு. பாப்பா எங்கிட்ட இருக்கட்டும். நேத்து சாயங்காலம் வந்து பேரம் பேசிட்டுப் போச்சு. ஆடு புலியில அது ஜெயிச்சா வீட்டு வாடகையில ஆயிரம் ரூபா குறைக்கணுமாம். இத்தனை வருஷத்துல உனக்குத் தோணாத யோசனை. சரின்னுட்டேன். புலி யாருக்கு, ஆடு யாருக்குன்னு அது இன்னும் சொல்லலை.