செவுரு இறங்குமுங்களா?

எனக்குக் கரூரில் உத்தியோகம்; என் சம்சாரத்துக்கு நாமக்கல்லில் பள்ளிக்கூட வேலை; ஆகவே, காவிரியின் வடகரையில், இரண்டு ஊர்களுக்கும் நடுவழியில் வீற்றிருக்கும் பரமத்தி வேலூரில் ஜாகை பார்த்துக்கொண்டால் பஸ் சார்ஜும் மனஸ்தாபமும் சரிபாதியாகப் பங்காகிவிடும் என்று நான் கண்டுபிடித்தபோது, இந்த யுக்தி எனக்கு முன்னால் ஒருவருக்கும் தோன்றியிராது என்ற கர்வம் எனக்கு இருந்தது. பஸ் ஸ்டாண்டு டீக்கடையிலேயே அது பங்கமுற்றது. "கரூர்ல வேலைங்களா, நாமக்கல்லுங்களா?" என்றார் கடைக்காரர். "இரண்டும்" என்றேன். "அப்ப வாடக கொஞ்சம் கூடத்தானுங்க சொல்லுவாங்க" என்று அனுதாபத்துடன் டீயை ஆற்றினார்.

நான் அலைந்த தெருக்களில் 'வீடு வாடகைக்கு' என்ற பலகை ஒன்றையும் காணவில்லை. காலி வீடு என்பது டீக்கடைக்கும் சலூனுக்கும் மட்டும் தெரிந்த தேவரகசியம். அந்த ரகசியத்தின் பிரகாரம் போய்ச் சேர்ந்தது ஒரு கொடிக்கால்காரர் வீடு. பெரியவர் திண்ணையில் வெற்றிலை அடுக்கிக்கொண்டிருந்தார். என் ஊர், உறவு, ஆகாரம், சம்பளம் எல்லாவற்றையும் விசாரித்து முடிக்கும்வரை விரல்களின் எண்ணிக்கை ஒரு தடவைகூடத் தவறவில்லை. நூறு இலை ஒரு கவுளி, 104 கவுளி ஒரு சுமை என்று எனக்கு உபதேசித்தார். நூறுக்கு மேல் அந்த நாலு எதற்கு என்று கேட்டேன்.

"அது அப்படித்தானுங்க."

பிறகு வீட்டுப் பிரஸ்தாபத்துக்கு வந்தார்: வாடகை ஏழாயிரம், அட்வான்ஸ் பத்து மாதம், தண்ணீருக்குத் தனியாக நானூறு. ஜேடர்பாளையத்தில் பிரிந்து வரும் ராஜவாய்க்கால் காவிரி ஜலத்தைச் சுமந்து ஓடுகிற ஊரில் தண்ணீருக்கு நானூறா என்று வினவினேன். "அது அப்படித்தானுங்க" என்ற பதில் சுமைக்கும் ஜலத்துக்கும் ஏககாலத்தில் பொருந்தியது.

சட்டத்தைச் சரணடைந்தேன். 1960-ஆம் வருஷத்துச் சட்டத்தில் ஒரு மாத வாடகைதான் முன்பணம் என்றும், 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த புதுச் சட்டம் அதை மூன்று மாதமாக்கியிருக்கிறது என்றும், வேறு விதமாக ஒப்பந்தம் இல்லாவிட்டால் அதற்கு மேல் வாங்கலாகாது என்றும் எடுத்துரைத்தேன். பெரியவர் முழுவதையும் மரியாதையாகக் கேட்டார்.

"அந்த 'இல்லாவிட்டா'லுலதானுங்க நம்ம வீடு இருக்குது."

தோற்றவன் கேட்கும் கடைசிக் கேள்வியாக, வருஷாவருஷம் வாடகை ஏறுமா என்றேன். வெற்றிலை விலை ஏறினால் கொஞ்சம் ஏற்றுவாராம். இறங்கினால்? அப்போதுதான் முதல் முறையாக அவர் விரல்கள் நின்றன.

"ஏனுங்க, கொடி இறங்கும், செவுரு இறங்குமுங்களா?"

எழுபதாயிரத்தை எண்ணிக் கொடுத்துவிட்டுக் குடியேறினோம். கொல்லைப்புறத்துக் கொடிக்காலில் வெற்றிலைக் கொடி அகத்தி மரத்தைப் பற்றி ஏறியிருப்பதை என் சம்சாரம் வெகு நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். அது அட்வான்ஸ் கொடுத்ததாகத் தெரியவில்லை என்றாள்.

இது நடந்து பதினோரு மாதமாகிறது. ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டும். இந்த வாரம் வெற்றிலை நல்ல விலைக்குப் போகிறதாம். வேலூரிலோ பொத்தனூரிலோ வீட்டைக் காலி செய்கிற வாசகர் எவரேனும் இருந்தால், டீக்கடைக்குச் சொல்லுமுன் எனக்கு ஒரு கார்டு போடவும்.